மலையைக் கேட்க வந்த கருவி

பாப்பா,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இருக்கிறோம். எப்படி இருக்கிறோம் என்பதை முதல் வரியிலேயே சொல்ல முடியவில்லை. முழுதும் படித்தால் உனக்கே தெரியும். நீ தினமும் போன் பண்ணுகிறாய், நானும் எடுக்கிறேன், சாப்பிட்டாயா, வேலை எப்படிப் போகிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். ஆறு நாளாக இப்படித்தான் நடக்கிறது, நீயும் கவனித்திருப்பாய். சொல்லவேண்டியதை வாயால் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் எங்காவது அது பொய்யாகத் திரும்பிவிடும் என்று பயமாக இருக்கிறது. அதனால் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கற்ற எழுத்தை நம்பி உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த மாதம் நீ நார்வேக்குப் போகிறாய், நம் மலையைவிட வயதான மலைகளின் அடியைப் பார்க்க. விமானம் ஏறுவதற்கு முன் இது உன் கைக்கு வந்துசேர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் அம்மாவைக் கோலா சிலாங்கூர் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். நீ கிளம்புவதற்குள் அவளுக்கு மறுபடியும் பேச்சுப் பயிற்சிக்கு எழுதி வாங்கிவிடச் சொல்லியிருந்தாயே, அதற்காக. டாக்டர் புதியவள், நம் பெண்தான், உன் வயது இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது சேர்த்த பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து பழைய பைலின் நகலை வரவழைத்து வைத்திருந்தாள். அம்மாவை நர்ஸ் பக்கத்து அறைக்கு ரத்த அழுத்தம் பார்க்கத் தள்ளிக்கொண்டு போயிருந்தாள். டாக்டர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு தாளில் நின்றாள். திருப்பி முதலிலிருந்து படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அங்கிள், வீட்டுக்குப் பின்னால கேமரா வச்சிருந்தீங்களா?" என்று கேட்டாள்.

இல்லையே என்றேன். "இல்ல, இதுல இப்படி எழுதியிருக்கு. ஆன்ட்டி மூணு மணிக்கு விழுந்தாங்கன்னு நீங்க சொல்லியிருக்கீங்க. அப்புறம் மகள் போன் பண்ணி, இல்ல, காலைல பத்து அம்பத்திரண்டுக்கு விழுந்தாங்க, என்கிட்ட கருவியோட பதிவு இருக்குன்னு சொல்லியிருக்காங்க. அதனாலதான் அந்த ஊசிய நிறுத்தியிருக்காங்க." அவள் தாளை மேசையில் வைத்தாள். "நல்ல வேளை லா அங்கிள். அவ்வளவு நேரம் கழிச்சு அந்த மருந்து உள்ள போயிருந்தா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கலாம். ஆன்ட்டி இன்னிக்கு இங்க வந்திருக்க மாட்டாங்க." பாராட்டாகத்தான் சொன்னாள். உங்கள் மகள் கெட்டிக்காரி என்றும் சொன்னாள். எனக்கு அவள் உதடு அசைவது தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் காதில் விழவில்லை. நான் எழுந்து நின்றேனாம், மறுபடி உட்கார்ந்தேனாம். அவள் எனக்கும் சேர்த்து ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிவிட்டாள்.

திரும்பி வரும்போது நம் வீட்டுச் சந்திப்பைத் தாண்டி ரவாங் பக்கமாக ஓட்டிக்கொண்டே போயிருக்கிறேன். முப்பது வருஷமாக எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரியைத் திருப்பிய சந்திப்பு அது. "வீடு," என்றாள் அம்மா. இரண்டாவது தடவை சொன்னபோதுதான் பிரேக் போட்டேன். சாலை ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு, ஏதோ டயரைப் பார்ப்பதுபோல் இறங்கி நின்றேன். உனக்குத் தெரியும். மூன்று வருஷமாக உனக்குத் தெரியும். அது ஒன்றுதான் தலைக்குள் சுற்றியது.

முதலில் இருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு எது தெரிந்திருந்தது, எதை நான் தெரியாததுபோல் வைத்துக்கொண்டேன் என்பது உனக்குத் தெரியாது. நீ புவியியற்பியல் படிக்கப் போனபோது அது என்னவென்று எனக்குப் புரியவில்லை. கோயிலில் கேட்டவர்களிடம் என் மகள் பெட்ரோல் எண்ணெய் தோண்டுகிற கம்பெனிக்குப் படிக்கிறாள் என்று சொல்லிவைத்தேன். நீ ஒருநாள் அந்தக் கருவியோடு வந்து இறங்கினாய். ஒரு சின்னப் பானை அளவுதான் இருந்தது. அதைத் தூக்கிய விதத்தைப் பார்த்தால் கைக்குழந்தை என்று நினைக்கத் தோன்றும். கோலா சிலாங்கூர்க் கடற்கரையிலிருந்து மலையைத் தாண்டிப் பகாங் வரைக்கும் ஒரே கோட்டில் பதினான்கு இடத்தில் இப்படிப் புதைக்கப் போகிறோம், ஈஜோக்கில் நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பாறை மேடு அதற்குத் தோதான இடம் என்றாய். குழியை நான்தான் வெட்டினேன். மண்ணை எடுத்துவிட்டுக் கெட்டிப் பாறை தென்படும்வரை வெட்டச் சொன்னாய். குழாயடியிலிருந்து பதினைந்து அடிகூட இல்லை. சூரிய ஒளித் தகடு ஒன்று, பேட்டரி ஒன்று, ஒரு சிம் கார்டு. இங்கே நிலம் அசைவது அப்படியே கோலாலம்பூரில் உன் கம்ப்யூட்டருக்குப் போய்விடும் என்றாய்.

இங்கே எங்கே நிலநடுக்கம் வருகிறது என்று கேட்டேன். இங்கே வரவேண்டாம் என்றாய். ரொம்ப தூரத்தில் எங்கேயோ பூமி நடுங்கினால் அந்த அதிர்வு பூமியின் வயிற்றுக்குள்ளேயே பயணம் செய்து நம் காலுக்கு அடியிலிருந்து மேலே வரும். வருகிற வழியில் ஒருவகைப் பாறை முடிந்து இன்னொரு வகை ஆரம்பிக்கிற எல்லையில் அதில் ஒரு பங்கு வேறு மாதிரி அலையாக மாறிவிடும். ஒன்று முந்திக்கொண்டு வரும், மற்றது கொஞ்சம் பின்னால் வரும். எத்தனை நொடி பின்தங்கியது என்று பார்த்தால் அந்த எல்லை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, மில்லிலிருந்து ஒரே நேரத்தில் வெறும் லோரி ஒன்றும் பாரம் ஏற்றிய லோரி ஒன்றும் கிளம்பினால், சந்திப்பில் நிற்பவனுக்கு இரண்டுக்கும் நடுவே உள்ள நேரத்தை வைத்தே மில் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாமே, அதுதானே என்றேன். நீ என்னை அப்படிப் பார்த்ததே இல்லை, பாப்பா. "ப்பா, எங்க புரொபசர்கூட இவ்வளவு ஈஸியா சொன்னதில்ல" என்றாய். அதன்பிறகு பெட்ரோல் கதையை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் மலைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனாய். பெந்தோங்கிலிருந்து ரவூப் போகிற ரோட்டில், மலையை வெட்டிப் பாதை போட்ட ஒரு இடத்தில் காரை நிறுத்தினாய். கல்யாணத்துக்கு முன்னால் ரவூப்பிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு அந்த வழியாக எத்தனையோ நடை வந்திருக்கிறேன். ஒருநாளும் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. வெட்டிய சுவரில் கோடு கோடாகக் கல், பலகையை அடுக்கிவைத்தது மாதிரி, சில இடத்தில் மடிந்து வளைந்து கிடந்தது. இது ஆழ்கடலின் அடியில் படிந்த கல், கண்ணுக்குத் தெரியாத கடலுயிர்களின் ஓடுகளால் ஆனது என்றாய். நாம் இருக்கிற மேற்குப் பக்கம் ஒரு நிலம், கிழக்குப் பக்கம் வேறொரு நிலம், இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய கடல் இருந்தது. அந்தக் கடலின் தரை கிழக்கே இருந்த நிலத்துக்கு அடியில் இறங்கி இறங்கி, கடைசியில் கடலே இல்லாமல் போய், இரண்டு நிலமும் மோதின. அந்த மோதலில்தான் தித்திவாங்சா மலை எழும்பியது, இருபது கோடி வருஷத்துக்கும் முன்னால் என்றாய். எனக்குக் கால் கூசியது. கெட்டியான தரை என்று நம்பி ஓட்டிய ரோடு அது. அம்மா கையை வைத்து அந்தக் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ மேல கடலு வந்து என்ன பண்ணுச்சு?" என்று கேட்டாள். நீ சிரித்தாய். அப்போது அம்மாவுக்கு வாக்கியமாகப் பேச வரும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து காட்டினாய். மலையைக் கேட்கத்தான் கருவி வைத்திருக்கிறோம், ஆனால் அது எல்லாவற்றையும் கேட்கும் என்றாய். இந்தச் சின்னச் சின்னப் புள்ளிகள் அம்மா அடுப்படியிலிருந்து குழாயடிக்கு நடப்பது, இந்தத் தடித்த பட்டை அப்பா லோரியைப் பின்னால் எடுப்பது. அம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது, நான் நடப்பதையெல்லாம் கோலாலம்பூரில் உட்கார்ந்து பார்ப்பாயா என்று கேட்டாள். "இல்லம்மா, வீட்டுச் சத்தத்தையெல்லாம் வடிகட்டி எடுத்துடுவேன். எனக்குத் தூரத்துல வர்றது மட்டும்தான் வேணும்" என்றாய். அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன் பாப்பா. பின்னால் எனக்கு அது ரொம்ப உதவியாக இருந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

அந்த நாள். காலை பத்தரை மணிக்கு மேல் அம்மா எனக்குப் போன் பண்ணினாள். மில்லில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், எனக்கு முன்னால் ஒன்பது லோரி. கை மரத்துப்போன மாதிரி இருக்கிறது, நாக்கு கனக்கிறது, வந்துட்டுப் போறீங்களா என்று கேட்டாள். வெயிலில் நின்றிருப்பாய், போய்ப் படு, குலையை இறக்கிவிட்டு வருகிறேன் என்றேன். இறக்கி முடித்தபோது பன்னிரண்டு மணி. அப்போதே வந்திருக்கலாம். உன் மாமாவுக்குப் போன் பண்ணி ஒரு எட்டுப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கலாம், ஐந்து நிமிஷத்தில் போயிருப்பான். கூட இருந்த டிரைவர்கள் இரண்டுபேர் பாசிர் பெனம்பாங்கில் சாப்பிடலாம் வா என்றார்கள். ஆற்றைத் தாண்டிப் போனோம். போனை லோரியிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். மறந்து வைக்கவில்லை. அம்மா மறுபடி கூப்பிடுவாள், சாப்பிடும்போது தொந்தரவு என்று நினைத்து வைத்தேன். இதை இதுவரை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. நண்டு சொன்னோம், வர நேரமானது, வந்தபிறகு பேசிக்கொண்டே இருந்தோம். திரும்பிவந்து போனைப் பார்த்தேன், ஒரு அழைப்பும் இல்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு மெதுவாகவே ஓட்டி வந்தேன்.

குழாயடியில் கிடந்தாள். ஒரு பக்க முகம் சிமெண்டில் இருந்தது, புடவை வெயிலில் காய்ந்திருந்தது. கண் திறந்துதான் இருந்தது, என்னைப் பார்த்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி, உன் மாமாவை வரவழைத்து அவன் காரில் போட்டுக்கொண்டு போனோம். போகிற வழியில்தான் உனக்குப் போன் பண்ணினேன். "எப்பப்பா விழுந்தாங்க?" என்று கேட்டாய். பக்கத்தில் உன் மாமா, அம்மாவின் கூடப் பிறந்தவன், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு என் பதிலுக்குக் காத்திருந்தான். மூணு மணி இருக்கும், விழுந்ததுமே நான் வந்துட்டேன் என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் அதுவாகச் சொல்லியது. ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது யோசிக்க நேரம் இருந்தது. அப்போதும் அதையேதான் சொன்னேன்.

ஒரு ஊசி இருக்கிறது, மூளையில் அடைத்திருக்கிற ரத்தக்கட்டியைக் கரைக்கும், விழுந்து சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன், நீங்கள் சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று சொல்லிக் கையெழுத்துக்குத் தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன் பாப்பா. பேனாவை வாங்கிப் போட்டேன். பிறகு உள்ளே போன டாக்டர் திரும்பி வந்து என்னை ரொம்ப நேரம் பார்த்தார். மூன்று மணி என்பது நிச்சயமா என்று மலாயில் கேட்டார். நிச்சயம் என்றேன். அவர் உள்ளே போனார். ஊசி போடவில்லை, வேறு சிகிச்சை கொடுக்கிறோம் என்று நர்ஸ் வந்து சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அதன்பிறகு மூன்று வருஷம் வருவோர் போவோரிடமெல்லாம் என்ன சொன்னேன் தெரியுமா? அன்று அந்த ஊசியைப் போட்டிருந்தால் இவள் இன்றைக்கு நடந்துகொண்டிருப்பாள், போடாமல் விட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். உன் முன்னாலேயே சொன்னேன். போன தீபாவளிக்குச் சொன்னேன், உன் மாமா வீட்டுக் கூடத்தில். நீ தட்டில் முறுக்கு வைத்துக்கொண்டிருந்தாய். வைத்து முடித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாய்.

அன்று நீ என்ன செய்தாய் என்பது இப்போது எனக்குக் கோர்வையாகத் தெரிகிறது. நான் போனை வைத்ததும் நீ கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறாய். அம்மாவின் காலடிகள் குழாயடிவரை வந்ததைப் பார்த்திருக்கிறாய். பத்து ஐம்பத்திரண்டுக்கு ஒரு பெரிய அதிர்வு. அதன்பிறகு காலடியே இல்லை. மூன்று நாற்பத்தொன்றுக்கு, அந்த நேரமும் பைலில் இருக்கிறது, என் லோரியின் தடித்த பட்டை. உன் அப்பா பொய் சொல்கிறார் என்று அந்தத் திரையில் தெரிந்திருக்கிறது. நீ ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினாய், என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் வந்து சேர்ந்தாய். என் தோளில் சாய்ந்து அழுதாய். என் தோளில், பாப்பா. இருபத்தாறு வயதில் ஒரு பெண்ணுக்கு இது எப்படி முடிந்தது என்று ஆறு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கருவி எனக்கு ஞாபகம் வரவே இல்லையா என்று நீ கேட்கலாம். காரில் போகும்போது வரவில்லை. நாலைந்து நாள் கழித்து, துணி துவைக்கக் குழாயடிக்குப் போனபோது வந்தது. சூரியத் தகட்டைப் பார்த்தபடி நின்றேன். வீட்டுச் சத்தத்தையெல்லாம் வடிகட்டிவிடுவேன் என்று நீ சொன்னதை நினைத்துக்கொண்டேன். தூரத்தில் வருவதை மட்டும்தானே அவள் பார்ப்பாள் என்று சொல்லிக்கொண்டு துணியைப் பிழிந்து போட்டேன். அடுத்த மாதமே நீ வந்து கருவியைத் தோண்டி எடுத்து நிலத்தின் கடைசியில், வேலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் புதைத்தாய். அடுப்படிச் சத்தம் அதிகம் என்றாய். இந்தத் தடவையும் குழியை வெட்டியவன் நான்தான். இனிமேல் அது நம் வீட்டைப் பார்க்கக் கூடாது, இவரை இனி இது காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் நீ மாற்றினாய் என்று இப்போது புரிகிறது.

உன் ஆராய்ச்சி முடிந்து பல்கலைக்கழகத்தில் நீ பேசிய அன்று நானும் அம்மாவும் முதல் வரிசையில் இருந்தோம். பதினான்கு இடத்துப் பதிவையும் சேர்த்து நிலத்தைக் கத்தியால் வெட்டிப் பார்த்ததுபோல் ஒரு படம் போட்டாய். மேற்கே ஒரு கோடு, கிழக்கே ஒரு கோடு, மலைக்கு அடியில் இரண்டும் ஒட்டாமல் ஒன்று மற்றதன் கீழே சரிந்து இறங்குகிறது. காணாமல்போன கடல் எந்தப் பக்கம் போனது என்பதற்கு அது சாட்சி என்றாய். பிறகு ஒரு பெரியவர் எழுந்து, உங்களுக்குக் கிடைத்ததிலேயே தெளிவான நிலநடுக்கப் பதிவில் ஈஜோக் மட்டும் காலியாக இருக்கிறதே, அங்கேதான் படமும் மங்கலாக இருக்கிறது, ஏன் என்று கேட்டார். நீ தண்ணீர் குடித்தாய். "அன்னிக்கு அந்த ஸ்டேஷன் சரியா வேலை செய்யல சார்" என்றாய். அந்தத் தேதியும் மத்தியான நேரமும் திரையில் இருந்தன. நான் பார்த்தேன். நம் நாள் அது. எங்கோ கடலுக்கடியில் பூமி நடுங்கி, அந்த அலை நம் வீட்டுக்கு அடியில் வந்தபோது அம்மா குழாயடியில் கிடந்திருக்கிறாள். கருவி நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. அன்று அதைத் தற்செயல் என்று நினைத்துக் கைதட்டினேன். உன் வாழ்நாளில் நீ உன் தொழிலில் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். அதையும் எனக்காகச் சொன்னாய் என்றுதான் வெள்ளிக்கிழமைவரை நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். காலையில் கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்துவிட்டு, நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். போனை லோரியில் வைத்ததையும் விடவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடித்ததும் ரொம்ப நேரம் ஆயிற்று அவளுக்கு வார்த்தை வர. "என்ன... சாப்ட்டீங்க?" என்று கேட்டாள். முதலில் எனக்குப் புரியவில்லை. "அன்னிக்கு." நண்டு என்றேன். அவள் முகம் ஒரு பக்கம் இழுத்தது. சிரித்தாளா அழுதாளா என்று இத்தனை வருஷம் கூட இருந்தவனுக்குத் தெரியவில்லை. பிறகு, "தட்டினேன்" என்றாள். இடது கையைத் தூக்கி நாற்காலிக் கைப்பிடியில் அடித்துக் காட்டினாள். மூன்று அடி, கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூன்று அடி. எதால் என்று கேட்டேன். "வாளி." அன்று அவள் பக்கத்தில் கிடந்த வாளியின் விளிம்பு சிதறிப்போயிருந்தது, விழும்போது உடைந்தது என்றுதான் நான் குப்பையில் போட்டேன். எவ்வளவு நேரம் தட்டினாய் என்று கேட்டேன். அதன்பிறகு இன்றுவரை என்னிடம் அவள் பேசவில்லை. கஞ்சியை வாங்கிக்கொள்கிறாள், கையைப் பிடித்து எழுந்து நிற்கிறாள், பேச்சு மட்டும் இல்லை. எனக்கு அது சரியாகவே படுகிறது.

பாப்பா, அவள் கைப்பிடியில் தட்டிக் காட்டியபோதுதான் எனக்கு மற்றது உறைத்தது. கருவி பதினைந்து அடி தூரத்தில் இருந்தது. அந்தத் தட்டல் ஒவ்வொன்றும் அதில் விழுந்திருக்கும். விழுந்த அந்தக் கணமே கோலாலம்பூரில் உன் மேசைக்குப் போயிருக்கும். நீ அப்போது வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாய், என் போனைக்கூட இரண்டாவது தடவைதான் எடுத்தாய். பிறகு திரையைத் திறந்து என் லோரியைத் தேடியபோது, அதற்கு முன்னால் வரிசையாக இருந்த மூன்று மூன்று புள்ளிகளையும் நீ பார்த்திருக்கிறாய். எத்தனை மணிவரை அவை இருந்தன, எப்போது சின்னதாகி நின்றன என்று உனக்கு மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகு நீ போனில் ஏதோ மணி வைத்துக்கொண்டாயே, கருவி கொஞ்சம் அசைந்தாலும் அடிக்கிற மாதிரி. சோற்றில் கை வைத்தால்கூட அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாயே. இந்தப் பெண்ணுக்கு வேலைப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நான் அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்த நாளின் பதிவை நீ எனக்காக மறைத்தாய் என்று நினைத்தது என் கர்வம். உன்னால் அதைத் திறக்க முடியவில்லை, அவ்வளவுதான். அம்மா உன்னைக் கூப்பிட்டாள், நீ பார்க்கவில்லை என்று மூன்று வருஷமாக உனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அப்பா என்கிற பெயரில் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: என்னைக் காப்பாற்றுவதை நிறுத்திவிடு. நீ அன்று ஆஸ்பத்திரிக்குப் பேசியதோடு நிறுத்தாமல் என்னிடமும் பேசியிருக்கலாம், திட்டியிருக்கலாம். நான் உடைந்துபோவேன் என்று பயந்திருப்பாய். உடைந்திருப்பேன், ஆனால் நீ தனியாகச் சுமந்திருக்க மாட்டாய். போகிற ஊரில் உனக்கு வேண்டியவர் யாராவது பொய் சொன்னால் முகத்துக்கு நேரே கேட்டுவிடு. அவர் உன்னைவிட மூத்தவராக இருந்தாலும் கேள். உன் மாமாவிடம் நேற்று நான் போய்ச் சொல்லிவிட்டேன். அவன் என்னை உட்காரச் சொல்லவில்லை. கிளினிக்குக்கும் மறுபடி போனேன். பைலில் என் பெயருக்கு நேரே இருக்கிற மூன்று மணியை அடித்துவிட்டுச் சரியான நேரத்தை எழுதச் சொன்னேன். பழைய தாளைத் திருத்த முடியாது அங்கிள் என்றாள் அந்த டாக்டர். அப்படியானால் புதுத் தாளில் எழுதுங்கள் என்றேன். எழுதினாள், கீழே கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை நீ வரும்போது லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வா. அந்த நாளைத் திற. பத்து ஐம்பத்திரண்டிலிருந்து மூன்று நாற்பத்தொன்றுவரை நான் பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகப் பார்க்கவேண்டும், வடிகட்டாமல். பிறகு வேண்டியதை வடிகட்டி எடுத்து உன் படத்தில் சேர்த்துக்கொள்; நம் வீட்டுக்கு அடியில் இருக்கிற அந்த மங்கலான இடம் தெளியட்டும். ஏன் முன்பு விட்டுவிட்டாய் என்று யாராவது கேட்டால் என் பெயரைச் சொல். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் இதை மட்டும் நன்றாக வாங்கிக்கொள். நீ அந்தக் கருவியை வைத்தது மலையைக் கேட்க. அதை யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று இல்லை. அம்மா தட்டுவதற்கு முன்னால், நாக்கு இன்னும் அவள் சொன்னபடி கேட்டபோதே, தெளிவான தமிழில், போன் போட்டு, வந்துட்டுப் போறீங்களா என்று ஒருத்தரைக் கூப்பிட்டாள். அது நீ இல்லை.

அப்பா